பதினான்காம் எண் உலர்த்தி

நாளைக் காலை எட்டு பத்துக்குத் தேர்வு.
இப்போது ஒன்பதே கால்.
சலவைக்கடையில் நானும்
இருபத்திரண்டு இயந்திரங்களும்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறையும்.

வெளியே அக்டோபர்.
நெப்ராஸ்காவின் இந்த ஓரத்தில் அக்டோபர் என்றால்
சர்க்கரை பீட் ஏற்றிய லாரிகள்,
ஆலைப் புகை,
வேகவைத்த மண்ணின் வாடை.
கதவைச் சாத்தினாலும்
சில்லறை மாற்றும் பெட்டிக்குப் பக்கத்தில்
வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஷ்விண்ட் டீச்சர் கொடுத்த பச்சைத் தாளில்
நாற்பத்தோரு கேள்விகள்.
பத்தொன்பதில் நிற்கிறேன்,
முக்கால் மணி நேரமாக.
ஆறில் ஐந்து பை. அதன் சைன் என்ன?

விடை தெரியாமல் இல்லை.
பாதி.
மனப்பாடம்.
என் லாக்கர் எண்ணைப் போல,
அம்மா படிவங்களில் எழுதச் சொல்லும்
அந்த ஒன்பது இலக்கத்தைப் போல.
"ஏன்" என்று ஒரு சொல் கூடவே அச்சாகியிருக்கிறது.
அதற்கு மூன்று மதிப்பெண்.

லாரி ஓட்டும் லானி ரைசிக் வந்தார்.
தோளில் இரண்டு, கையில் நான்கு,
ஆறு பை அழுக்கு.
ஐந்தைப் போட்டுவிட்டு
ஆறாவதற்குச் சில்லறை போதாமல்
லாரியில் தேடப் போனார்.
போகிற போக்கில் கேட்டார்:
"என்ன படிக்கிறே, யதீரா?"
"வட்டம்."
"அதுல பரீட்சை வைக்க என்ன இருக்கு?"
"முன்னூற்றறுபது பாகை போதாதாம்.
ரேடியன் வேணுமாம்."
"எனக்குப் போதும்மா.
இருபத்தெட்டு வருஷமா
அதுலதான் திரும்பிட்டிருக்கேன்."

சிரித்தேன்.
ஆனால் என் கேள்வியும் அதுதான்.

பதினான்காம் உலர்த்தியின் வயிற்றில்
ஒரு ஷூ லேஸ் கிடந்தது, இன்னும் சூடாக.
ஏன் எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.
வட்டக் கண்ணாடியின் நடுவிலிருந்து
விளிம்புவரை இழுத்துப் பிடித்து
மிச்சத்தைக் கத்தரித்தேன்.
ஆரம். கையளவு ஆரம்.

அதையே விளிம்பில் வளைத்து வைத்தேன்,
வலது ஓரத்தில் தொடங்கி மேல் நோக்கி.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
இடது ஓரத்தைத் தொட
இன்னும் ஒரு கட்டைவிரல் அகலம் பாக்கி.

அந்தக் கட்டைவிரல் அகலத்தைத்தானா
கணிப்பான் இத்தனை நாளாக
புள்ளிக்குப் பின்னால் முடிவில்லாமல்
முணுமுணுத்துக்கொண்டிருந்தது!

யாரும் வந்து முன்னூற்றறுபது கூறு போடவில்லை.
வட்டம் தன் கையாலேயே
தன் இடுப்பை அளந்துகொள்கிறது.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

கண்ணாடிக்குக் குறுக்கே
நடுவில் ஒரு ஒட்டுநாடா ஒட்டினேன்.
லேஸ் இரண்டு முறை, பிறகு
அரைக்கும் கொஞ்சம் மேலே.
ஆறில் ஐந்து பை அங்கே,
இடது தோள்பட்டைச் சரிவில்.
அங்கிருந்து நாடாவரை நேர் கீழே அளக்க
லேஸை இரண்டாக மடித்தேன்.
அச்சாகப் பொருந்தியது.
பாதி.
போன வாரம் எழுதிய அதே பாதி,
இன்றைக்குத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

சில்லறையோடு வந்த ரைசிக்
நாடாவைப் பார்த்து நின்றுவிட்டார்.
"கண்ணாடி உடைஞ்சிடுச்சா?"
"இல்ல. பத்தொன்பதாம் கேள்வி."
அவர் வேறொன்றும் கேட்கவில்லை.
ஆறாவது பையைப்
பதினைந்தில் போட்டார்.

மணி பத்து நாற்பது.
பதினொன்றுக்குக் கடை பூட்ட வேண்டும்,
அதற்குமுன் நாடாவின் பசையைச் சுரண்ட வேண்டும்,
இல்லாவிட்டால் முதலாளியம்மா
என்னைச் சுரண்டுவாள்.
மிச்சம் இருபத்திரண்டு கேள்விகள்,
இயந்திரத்துக்கு ஒன்று வீதம்.
மடக்கையை இன்னும் தொடவே இல்லை.

லேஸ் என் சட்டைப்பையில்.
தேர்வறைக்குள் கணிப்பான் கூடாது என்றார்கள்.
கயிறு கூடாது என்று
யாரும் சொல்லவில்லை.